மூவாயிரத்துச் சொச்சத்தில் வீட்டு நெட்வொர்க்: ஐந்து போர்ட் சுவிட்சும் நாற்பது மீட்டர் வயரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே இடத்தில் நிலையாக இருக்கின்றன, அவற்றுக்குள் பெரிய ஃபைல்கள் போய் வரவேண்டும் என்றால், வீட்டில் பல இடத்தில் பெட்டி வைக்கும் மெஷ் வைஃபை அது இது என்று பத்தாயிரம் செலவழிக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டர்களை வயரால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான கிகாபிட் சுவிட்ச் ஒன்று, நல்ல செம்பு வயர், வயர் முனையில் கனெக்டரை நசுக்கி மாட்ட, அதாவது கிரிம்ப் பண்ண, ஒரு கட்டிங் பிளேயர் மாதிரி கருவி, இவ்வளவுதான். எனக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் ஆனது. இதில் எந்தச் சாமானில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்பதுதான் விஷயம்.

எங்கள் வீடு சென்னை தண்டையார்பேட்டையில். தொழில் கல்யாண ஆல்பம் டிசைன். கீழே நான் பக்கம் வடிவமைக்கும் மிஷின், மாடியில் என் மனைவி கலர் கரெக்‌ஷன் பார்க்கும் மிஷின், படிக்கட்டுக்கு அடியில் பழைய வேலைகளையெல்லாம் சேமித்து வைத்திருக்கும் ஒரு கிழட்டு மிஷின். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு போட்டோகிராபர்கள் போனால் மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம் படம் வரும். கேமராவிலிருந்து சுருக்காமல் வரும் ரா ஃபைல் ஒவ்வொன்றும் 25, 30 எம்பி. ஆக ஒரு முகூர்த்தம் என்பது ஏறக்குறைய 100 ஜிபி. வைகாசி, ஆவணி வந்தால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவதே வேலை. "வந்த டிஸ்க்கு எது, திருத்தின டிஸ்க்கு எது" என்று மாடிக்கும் கீழுக்குமாகக் கூச்சல் வேறு.

வைஃபை போதாதா என்று கேட்பீர்கள். மொபைலுக்குப் போதும். எங்கள் வீட்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் மேலே ஏறுவதே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏறும், ஆனால் எங்கள் தெருவில் அந்த அலைவரிசையில் ஒவ்வொரு வீட்டு ரூட்டரும் முட்டிமோதிக்கொண்டிருக்கிறது. ஃபைல் காப்பி நொடிக்கு 4 எம்பி என்று காட்டும், திடீரென்று பூஜ்யத்துக்குப் போகும், திரும்பி வரும்.

சுவிட்ச் என்று பார்த்தால் நான் எடுத்தது டிபி-லிங்க் எல்.எஸ். 1005ஜி. வயர் சொருக ஐந்து போர்ட், பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே மின்விசிறி கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. கரண்ட் கொடுத்து வயரைச் சொருகினால் வேலை செய்யும். செட்டிங்ஸ் பக்கம், பாஸ்வேர்டு, ஆப் எதுவும் இல்லை. ஆயிரத்து நூறு ரூபாய். பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'ஜி' முக்கியம். அது இல்லாத எல்.எஸ். 1005 பார்க்க அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், விலையும் ஏறக்குறைய பாதி, ஆனால் அது 100 எம்பிபிஎஸ் சுவிட்ச், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். கிகாபிட் என்றால் அதில் பத்து மடங்கு. ஃபைல் அளவில் வரும் எம்பி மெகாபைட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நானூறு ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று அதை எடுத்தால் என்ன ஆகும்? 100 எம்பிபிஎஸ்ஸில் நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி அளவுக்குப் போகும். 100 ஜிபி காப்பியாக இரண்டரை மணி நேரம். கிகாபிட்டில் 110 எம்பி அளவுக்கு வரும், அதே வேலை கால் மணி நேரம். இரண்டரை மணி எங்கே, கால் மணி எங்கே! இந்தக் காலத்தில் 100 எம்பிபிஎஸ் சுவிட்சை விற்கிறார்களே என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

பிராண்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் இல்லை. டி-லிங்க், டெண்டா எல்லோரும் இதே விலையை ஒட்டி ஐந்து போர்ட் கிகாபிட் பெட்டி போடுகிறார்கள். எதை எடுத்தாலும் பெட்டியின் மேல் 10/100/1000 என்று மூன்று எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2.5 கிகாபிட் சுவிட்சுகளும் இப்போது வருகின்றன. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் என் ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 120 எம்பிக்கு மேல் எழுதாது என்கிறபோது எனக்கு அது எதற்கு?

இன்னொன்று, பலர் கவனிக்காதது. "ரூட்டரிலேயே நாலு போர்ட் இருக்கே, சுவிட்ச் எதற்கு?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். இணைய இணைப்போடு இலவசமாக வரும் ரூட்டர்களில் பலவற்றில் ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. சிலவற்றில் எல்லாமே 100. கம்ப்யூட்டர்களை நேரே அதில் சொருகினால் வீட்டுக்குள் போகும் ஃபைலும் அந்த 100-இல் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் சுவிட்சில் சொருகி, சுவிட்சிலிருந்து ஒரே ஒரு வயரை ரூட்டருக்கு விடுங்கள். அப்போது மாடி மிஷினிலிருந்து கீழ் மிஷினுக்குப் போகும் படம் ரூட்டரை எட்டியே பார்க்காது. சுவிட்சுக்குள்ளேயே திரும்பிவிடும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மிஷினுக்கும் முகவரியான ஐபி எண் கொடுப்பதும் இணையமும் மட்டுமே ரூட்டரின் வேலை. ரூட்டர் எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் உங்கள் உள்வேலை பாதிக்காது. ஆயிரத்து நூறு ரூபாய்க்கு இதைவிட உருப்படியான சாமான் கம்ப்யூட்டர் கடையில் இப்போது எதுவும் இல்லை என்பேன்.

சரி, வயருக்கு வருவோம். கதையே அங்கேதான்.

வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன் ஒருவர் டிவி கேபிளுக்கு விட்ட பைப்பிலேயே ஒரு லேன் வயரும் போட்டு வைத்திருந்தார். அதை நம்பி சுவிட்சை மாட்டினால், மாடி மிஷினில் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டியது. காரணம் இதுதான். லேன் வயருக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். 100-க்குத் தேவையில்லாத மற்ற இரண்டு ஜோடியில் எங்கேயாவது ஒரு கம்பி அறுந்திருந்தால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். உங்கள் வீட்டிலும் வயர் இருந்தால் ஒருமுறை பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு தெரியும். 1000/1000 என்று இருக்கவேண்டும்.

வயரை வெட்டிப் பார்த்தேன். ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. கடைக்காரர்கள் சி.சி.ஏ. என்பார்கள். மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நாலு தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், லேன் வயருக்கான கேட் 5இ, கேட் 6 தரநிர்ணயங்களில் இதற்கு இடமே கிடையாது. ஆனாலும் மேலே கேட் 6 என்று அச்சடித்தே விற்கிறார்கள்.

புது வயருக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போனேன். எங்கள் பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகப் போய்விடலாம். வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். லேன் வயர் வாங்க லேப்டாப் கடைகளைவிட நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருப் பக்கம் இருக்கும் சிசிடிவி கடைகள்தான் தோது. அவர்கள்தான் 305 மீட்டர் பெட்டியைப் பிரித்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள்.

நான் ஏறிய முதல் கடையில் பையன் கேட்டான்: "ஒரிஜினல் வேணுமாண்ணா, சாதா வேணுமா?"

"சாதான்னா?"

"ரேட்டு கம்மிண்ணா. மீட்டர் பன்னெண்டு ரூபா. கேமராவுக்கெல்லாம் அதான் போடுறாங்க."

ஒரு துண்டு வாங்கி அங்கேயே சுரண்டினேன். வெள்ளி பல்லிளித்தது. "தம்பி, இது அலுமினியம்பா" என்றேன். "ஆமாண்ணா, அதான் சாதான்னு சொன்னேன்ல" என்றான், கொஞ்சமும் அசராமல். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டால் உண்மையைச் சொல்கிறான். ஆனால் கேமராவுக்கு இதைப் போடுவதுதான் எல்லாவற்றையும்விடத் தப்பு. இப்போதைய ஐபி கேமராக்கள் பலவற்றுக்கு இந்த வயர் வழியாகத்தான் கரண்டும் போகிறது. தடை கூடினால் வயர் சூடாகும், தூரத்துக் கேமராவுக்குக் கரண்ட் போதாமல் ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரம் பார்த்து அணைந்து அணைந்து வரும்.

நான் எடுத்தது முழுச்செம்பு கேட் 6, மீட்டர் 28 ரூபாய், நாற்பது மீட்டர், ஆயிரத்து நூற்று இருபது. முழுச்செம்பு கேட் 5இ கிடைத்தால் அதுவே போதும். கிகாபிட்டை 100 மீட்டர் வரை அது தாராளமாகத் தாங்கும், கிரிம்ப் பண்ணவும் சுலபம். அந்தக் கடையில் கேட் 5இ எல்லாம் சாதாவாகவே இருந்ததால்தான் கேட் 6. எதுவானாலும் வெட்டுவதற்கு முன் முனையைச் சுரண்டிப் பாருங்கள், கையில் கனத்தைப் பாருங்கள். செம்பு கனக்கும். கேட் 7, கேட் 8 என்று தட்டையாகப் பளபளவென்று வரும் ரெடிமேட் வயர்களுக்கு மயங்க வேண்டாம்.

மற்ற சாமான்கள்: கிரிம்ப்பிங் டூல் 350, எல்இடி டெஸ்டர் 200, வயர் முனையில் மாட்டும் ஆர்.ஜே. 45 கனெக்டர் பத்து 150, சுவரில் ஒட்டும் பிவிசி கேசிங் பட்டி 200. கனெக்டர் மட்டும் பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ஒருமுறை நசுக்கினால் நசுக்கியதுதான், கழற்றி மறுபடி போட முடியாது. கேட் 6-க்கு என்று கேட்டு வாங்கவேண்டும். அதன் கம்பி கொஞ்சம் தடிமன், கேட் 5-க்கான கனெக்டரில் நுழைய அடம்பிடிக்கும்.

கிரிம்ப் பண்ணுவது யாருக்கும் வரும், கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தால். மேலுறையை ஓர் அங்குலம் உரித்தால் நாலு முறுக்கு ஜோடி, நடுவில் பிளாஸ்டிக் சிலுவை ஒன்று. சிலுவையை அடியோடு வெட்டுங்கள். முறுக்கைப் பிரித்து, நிமிண்டி நேராக்கி, இடமிருந்து வலமாக வரிசைப்படுத்துங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். கனெக்டரின் கொக்கி உங்களுக்கு மறுபக்கம், தங்க நிறப் பற்கள் உங்களைப் பார்த்தபடி. கட்டை விரலால் அழுத்திப் பிடித்து அரை அங்குலம் மட்டும் விட்டு ஒரே வெட்டாக நறுக்கி உள்ளே தள்ளுங்கள். எட்டுக் கம்பியின் செம்பு முனையும் எதிர்ச் சுவரில் போய் முட்டியிருப்பது கனெக்டரின் நுனி வழியாகப் பளிச்சென்று தெரியவேண்டும். மேலுறையும் கனெக்டருக்குள் நுழைந்திருக்கவேண்டும், நசுக்கும்போது பின்னால் உள்ள முட்டு அதைத்தான் கவ்வும். அப்புறம் ஒரே அழுத்து.

இந்த நிற வரிசையைப் பற்றி எங்கள் தெரு கேபிள்காரப் பையன் ஒரு வாதம் வைத்தான். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி போட்டால் எந்த வரிசையாக இருந்தால் என்ன என்று. டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காகவே எரியும், அது உண்மை. ஆனால் டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்கிறதா என்பதை மட்டும். இடமிருந்து எண்ணினால் நீல ஜோடி 4, 5-ஆம் இடங்களிலும், பச்சை ஜோடி அதைத் தாண்டி 3, 6-ஆம் இடங்களிலும் உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது. சிக்னல் ஜோடி ஜோடியாகத்தான் போகிறது, முறுக்கியிருப்பதால்தான் வெளி இரைச்சல் அடிபடுகிறது. 3-இல் ஒரு ஜோடியின் கம்பியும் 6-இல் வேறொரு ஜோடியின் கம்பியும் போனால் அந்த முறுக்கால் பயனே இல்லை. ஒரு மீட்டர் வயரில் தப்பித்துக்கொள்ளும், இருபது மீட்டரில் காலை வாரும். அவன் போட்ட பல வீடுகளில் "நெட் விட்டு விட்டு வருது" என்ற புகார் எதனால் என்று எனக்கு இப்போது ஓர் ஊகம் உண்டு.

பைப்பில் புது வயரை இழுக்கப் பழைய வயரே உதவியது. அதன் வாலில் புது வயரை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக் கட்டி, மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் நெளிவில்லாமல் ஊட்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வீட்டு கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் லேன் வயரை விடாதீர்கள், இரைச்சலுக்காக மட்டுமல்ல, ஆபத்துக்காகவும். சுவரில் இரண்டும் சந்தித்தே ஆகவேண்டும் என்றால் குறுக்காக வெட்டிக்கொண்டு போகட்டும், பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டாம். அதே போல, பக்கத்து வீட்டில் அண்ணன் இருக்கிறார், மொட்டை மாடி வழியாக அவருக்கும் ஒரு வயர் என்று ஆரம்பிக்காதீர்கள். முன்பெல்லாம் கேபிள்காரர்கள் மாடிக்கு மாடி லேன் வயர் கட்டி நெட் கொடுத்த காலத்தில், ஒரு கோடை இடிக்கு வரிசையாக எத்தனை போர்ட்கள் கருகின என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

சாஃப்ட்வேர் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸில் நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றி, ஃபோல்டரை ஷேர் செய்து, அதற்கென்று பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உண்டாக்குங்கள். ஹோம்குரூப் என்ற பழைய ஷேரிங் வசதியைத் தேடாதீர்கள், 2018-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்ய வழிசொல்லும் பழைய வீடியோக்களையும் பார்க்காதீர்கள், புது விண்டோஸ் அதற்கு ஒத்துழைக்காது, ஒத்துழைக்காததே நல்லது. கம்ப்யூட்டர் பெயரைப் போட்டுத் தேடினால் சில சமயம் கண்ணாமூச்சி ஆடும். ஒவ்வொரு மிஷினுக்கும் மாறாத ஐபி எண் ஒன்றை ரூட்டரில் ஒதுக்கிவிட்டு, 192.168.1.20 என்பது போல அந்த எண்ணையே அடித்துப் போவது தொல்லையில்லாத வழி.

படிக்கட்டு மிஷினுக்கு விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோனது. அதனால் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா என்ற சாஃப்ட்வேர் வழியாக ஷேர் செய்திருக்கிறேன். விண்டோஸ் மிஷின்களிலிருந்து அது இன்னொரு டிரைவ் போலவே தெரிகிறது. முடிந்த ஆல்பங்கள் இருக்கும் ஃபோல்டரை மற்றவர்கள் படிக்க மட்டும், எழுத முடியாதபடி வைத்திருக்கிறேன். ஒரு மிஷினில் வைரஸ் வந்தால் ஷேர் வழியாக எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் காலம் இது.

வேகம்? ஐபெர்ஃப் என்ற இலவசக் கருவியால் அளந்தால் மாடிக்கும் கீழுக்கும் இடையே 940 எம்பிபிஎஸ் வருகிறது. கிகாபிட்டில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ரா ஃபைல்கள் நொடிக்கு 105, 110 எம்பி வேகத்தில் போகின்றன. சின்னச் சின்ன ஜேபெக் ஆயிரக்கணக்கில் இருந்தால் வேகம் பாதியாகக் குறையும், அது ஃபைல்களின் எண்ணிக்கையால் வருவது, சுவிட்சின் கோளாறு இல்லை. மே மாத வெயிலிலும் பெட்டி வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் குறைத்தது எடைக்காக. இந்த வகைப் பிளாஸ்டிக் பெட்டிகள் எல்லாமே எலும்பும் தோலுமாக இருப்பதால், தடித்த கேட் 6 வயர் இழுக்கிற பக்கமெல்லாம் பெட்டி திரும்பும். இரட்டைப் பக்க டேப் போட்டு மேஜையில் ஒட்டிவிட்டேன்.

கரண்ட் பற்றி ஒன்று. ரூட்டருக்காக விற்கும் மினி யூபிஎஸ்கள் பெரும்பாலும் 12 வோல்ட். இந்தச் சுவிட்சின் அடாப்டர் 5 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று சொருகிவிடாதீர்கள். 5 வோல்ட் அவுட்புட்டும் உள்ள யூபிஎஸ் கிடைக்கிறது, இல்லையென்றால் இன்வெர்ட்டர் பாயின்ட்டில் அடாப்டரை மாட்டிவிடுங்கள். ஒரு சில வாட்தான் எடுக்கும்.

வாடகை வீட்டில் சுவரைத் தொட விடாத ஓனர் இருந்தால் இந்தக் கதையெல்லாம் ஒத்துவராது. கரண்ட் வயர் வழியாகவே நெட்வொர்க் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரை யோசிக்கலாம். ஆனால் த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் அது தடுமாறும். வாங்குவதற்கு முன் எந்த அறை எந்த ஃபேஸ் என்று மெயின் போர்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுபவர்களுக்கு மெஷ்தான் சரி. அப்போதும் மெஷ் பெட்டிகள் இரண்டையும் ஒரு லேன் வயரால் இணைத்தால் வேகம் வேறு மாதிரி இருக்கும்.

போர்ட் கணக்கையும் வாங்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்று ரூட்டருக்குப் போய்விடும், மிச்சம் நாலு. எங்களுக்கு மூன்று மிஷின் போக ஒன்று இருந்தது, அதில் பிரிண்டரை மாட்டியாயிற்று. இப்போது டிவிக்கும் ஒரு வயர் வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்சுக்குச் சில நூறு ரூபாய்தான் கூட. மேஜையில் இடமிருந்தால் அதையே எடுத்துவிடுங்கள்.